இறுகிய உருளைக்குள் என் சந்தனம்

பிள்ளைக்கு,

நேற்றுப் பின்னேரத்திலிருந்து உனக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டேன். மூன்று தரமும் சாப்பிட்டாயா, ஸ்டுட்கார்ட்டில் மழையா, புது வேலையில் ஆட்கள் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் முறை நீயே பொறுமை இழந்து, "அப்பா, உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்கோ" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். இந்த வாயை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துதான் இன்று காலை கடதாசியை எடுத்தேன். இன்று புதன்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு முன் தபாலில் போட்டால் வெள்ளிக்குள் உன் கையில் கிடைக்கும். சனிக்கிழமை நீ பீலெஃபெல்டுக்கு வந்து, உன் அறைப் பெட்டகத்தில் உருளை சுற்றாமல் இறுகிக் கிடக்கும் ரிவோல்வரைத் துப்பாக்கி திருத்துபவரிடம் கொடுத்து உடைத்துப் போடச் சொல்லப்போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் நீ இதை வாசித்தாகவேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரிவோல்வரில் எந்த வளைவும் இல்லை. அதை உனக்கு விற்ற, உன் சுடும் கழகத்துப் பெரியவர் ஹெர் பிரான்ட் உன்னை ஏமாற்றவில்லை. உருளை இறுகியதற்குக் காரணம் நான். வளைவு என்று உன்னிடம் பொய் சொன்னதும் நான்.

இந்த நாலு வரியையும் எழுதிவிட்டு எழுந்து போய் யன்னலைத் திறந்தேன். பிறகு குளிர்கிறது என்று சாத்தினேன். தேத்தண்ணீர் ஊற்றினேன், குடிக்கவில்லை. அம்மா ஒரு மணிக்கு வேலையால் வந்துவிடுவார். அவருக்கும் இது தெரியாது. நீ வாசிக்கும்போது அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்கு நல்ல பேச்சும் விழுந்திருக்கும்.

துவக்கும் குண்டும் இல்லாத இடம் தேடித்தான் நான் இங்கே வந்தேன். இதை நூறு தரம் சொல்லியிருக்கிறேன், நீயும் நூறு தரம் கண்ணை உருட்டியிருக்கிறாய். பத்தொன்பது வயதில் சிநேகிதியோடு போய் நீ சுடும் கழகத்தில் சேர்ந்தபோது எனக்கு வந்தது கோபம் என்றுதான் நீ நினைத்தாய். உண்மையில் அது பயமும் வெட்கமும். சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். நீ வென்று கொண்டுவந்த கிண்ணங்களைப் பார்த்து ஆட்கள் கேட்டால், பட்மின்டன் என்று சொன்னேன். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போன அன்று, வெயிலில் மோர் குடித்துக்கொண்டு நின்ற ஒரு அக்கா உன் கையைப் பிடித்து, "பிள்ளை நல்லாப் பட்மின்டன் விளையாடுவியாம், என்ரை மகளுக்கும் ஒருக்காப் பழக்கிவிடன்" என்றார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு, "ஓம் ஆன்ரி, நேரம் கிடைச்சாப் பாப்பம்" என்றாய். காரில் திரும்பி வரும்போது, "பொய்யை நீங்கள் சொல்லிப்போட்டு, காவுறதுக்கு என்னை விடுறியள் அப்பா" என்றாய். நான் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது என்று இப்போது தோன்றுகிறது.

போன சரஸ்வதி பூசையை நினைத்துப் பார். எங்கள் வீட்டில் வேலை செய்கிற எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அம்மாவின் தையல் மெஷினுக்கு, காருக்கு, உன் லாப்டொப்புக்கு, முப்பது வருசம் கடைசல் மெஷினில் என்னோடு நின்ற அளவுக் கருவிகளுக்கு. அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். அம்மா குசினியில் கடலை தாளித்துக்கொண்டே, "என்னப்பா, எல்லாத்துக்கும் வைச்சிட்டியளோ? ஒண்டும் விடுபடப்படாது" என்றார். ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. நீ அந்த ரிவோல்வரை வாங்கி ஒரு வருசம் ஆகியிருந்தது. நான் அதை ஒருநாளும் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. வீட்டிலேயே பயமான சாமான் அதுதான், அதற்குப் பொட்டு வைக்காமல் தையல் மெஷினுக்கு வைத்து என்ன பயன் என்று என் புத்தி ஓடியது. உன் பெட்டகத்தின் இலக்கத்தை மூன்றாம் தடவையில் கண்டுபிடித்தேன். அம்மாவின் பிறந்தநாளைப் போடுகிற பிள்ளை பாசமான பிள்ளைதான், பாதுகாப்பான பிள்ளை இல்லை. உன்னைத் தவிர வேறு யார் அந்தக் கதவைத் திறந்தாலும் ஆயுதம் வைத்திருக்கும் உன் அனுமதி அட்டையே போய்விடும் என்று நீ எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். தெரிந்துகொண்டுதான் திறந்தேன்.

அது நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. உள்ளே குண்டு இல்லை, குண்டுகளை நீ வேறாகப் பூட்டி வைப்பாய். குண்டு போடும் ஆறு துளை உருளையை, நீ ட்ரொம்மல் என்று சொல்வதை, எப்படி வெளியே தள்ளுவது என்று என் கை தானாகவே கண்டுபிடித்தது. இரும்பைக் கண்டால் என் கைக்குப் பயமில்லை, எனக்குத்தான் பயம். உருளையை விரலால் தட்டினேன். அழகாகச் சுற்றியது. கொஞ்சம் வறண்டுபோயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. சும்மா இருந்திருக்கலாம். மெஷின் எண்ணெய் கீழே நிலவறையில் இருந்தது, கையில் இருந்தது விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய். அச்சில் இரண்டு சொட்டு விட்டேன், பின்பக்கத்தில் வெற்றுக் கோதுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் கீழே ஒரு சொட்டு விட்டேன். பிறகு உருளையின் முன்பக்கத்தில் சந்தனம் வைத்தேன். வைத்த பிறகுதான் நீ கண்டுவிடுவாய் என்ற பயம் வந்தது. ஈர விரலால் அவசர அவசரமாகத் துடைத்தேன். துடைத்த சந்தனம் வெளியே வரவில்லை, அச்சுக்கும் உருளைக்கும் நடுவில் உள்ள கீற்றுக்குள் இறங்கிவிட்டது. சமையல் எண்ணெய் சூடுபட்டு நாளானால் பசையாகிவிடும் என்று இந்த நாட்டில் முப்பது வருசம் எண்ணெயில் கை நனைத்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அன்று நான் பயந்துபோன ஒரு அப்பனாக மட்டும் நின்றேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நீ பயிற்சியால் வந்து, குசினி மேசையில் பழைய துவாயை விரித்து அதை வைத்தாய். "அப்பா, ட்ரொம்மல் சுத்துதில்லை. சுத்தியலை இழுக்க ரெண்டு பெருவிரலும் வேண்டிக்கிடக்கு" என்றாய். அன்று நீ வேலை செய்த ஒழுங்கை நான் ஒளித்து ஒளித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். துளைகள் வெறுமையா என்று இரண்டு தரம் பார்த்தாய். கோதுகளைத் தள்ளும் கோலின் திருகு கழன்றிருக்கிறதா என்று பார்த்தாய், கழலவில்லை. குழலுக்கும் உருளைக்கும் இடையில் மெல்லிய தகடு விட்டு அளந்தாய், இடைவெளி சரி. உருளையின் முகத்தில் கரி படிந்திருக்கிறதா என்று உரசிப் பார்த்தாய், அதுவும் இல்லை. பிறகு உருளையை வெளியே தள்ளி விரலால் சுற்றினாய். முன்பெல்லாம் நாலு ஐந்து சுற்றுப் போகும். அது அரைச் சுற்றில் நின்றது. "நீங்கள் பாருங்கோ" என்று என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாய். நீ வழக்கமாகப் பூசும் எண்ணெயின் நாற்றத்துக்குக் கீழே, மெல்லியதாக, எங்கள் சாமி அறை மணத்தது. உனக்கு அன்று தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாய்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். கைக்குக் கிடைத்த இரும்பு அளவுகோலை எடுத்து, உருளையைத் தாங்கி நிற்கும் கையோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். "கை வளைஞ்சிருக்கு பிள்ளை. பழைய சாமான்தானே. ஆரோ விழுத்திப்போட்டுச் சொல்லாமல் வித்திருக்கினம்" என்றேன். "வெளியில எடுத்தும் இறுகுதே அப்பா, கை வளைஞ்சால் உள்ளுக்கை விட்டால்தானே இறுகவேணும்?" என்று கேட்டாய். கேள்வி மிகச் சரியானது. நான், "முப்பது வருசம் இதைத்தானே பாத்தனான்" என்று ஒரு போடு போட்டேன். நீ தலையாட்டினாய். உன் எஞ்சினியரிங் படிப்பையும் உன் கண்ணையும் ஒதுக்கி வைத்துவிட்டு என்னை நம்பினாய். அது எனக்கு இன்றைக்கும் சுடுகிறது.

அடுத்த வாரம் கழகத்தில் நடந்ததை நீ வந்து சொன்னாய். கோப்பி குடித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் முன்னால், விழுத்தின துப்பாக்கியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று ஹெர் பிரான்ட்டிடம் கேட்டதாகச் சொன்னாய். அவர், ஒருநாளும் விழவில்லை என்று மட்டும் சொன்னாராம். திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாராம், நீ மாட்டேன் என்றாயாம். பல வருசமாகத் தன்னிடம் இருந்த கழகக் கதவுகளின் திறப்புக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டாராம். பிறகு அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை. "அப்பா, நான் கூடிக் கதைச்சிட்டனோ?" என்று நீ கேட்டாய். "இல்லை, ஏமாத்தினவருக்கு அது காணாது" என்று நான் சொன்னேன். அந்த வசனத்தை நான்தான் சொன்னேன் என்று நம்பவே எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது. உண்மை வெளியே வந்தால் உன் அட்டை போய்விடும், அதற்காகத்தான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மற்றப் பாதி, தேரில் நீ என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அப்படியே இருந்து செத்தும் போயிருப்பேன். இந்தத் திங்கட்கிழமை விரல் மரத்துப்போவதைக் காட்ட நரம்பு டொக்டரிடம் எனக்கு நேரம் குறித்த டெர்மின் ஒன்று இருந்தது. காத்திருக்கும் அறையில் எனக்கு எதிர்க் கதிரையில் ஹெர் பிரான்ட். மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டு எழுந்து கை தந்தார். முதல் கேட்டது, உன் மகளின் ரிவோல்வர் சரியாகிவிட்டதா என்றுதான். இல்லை என்றேன். அவர் கையில் இருந்த தொப்பியின் விளிம்பைத் தடவினார். "நான் அதை விழுத்தியிருக்கத்தான் வேண்டும். வீடு மாறியபோது விழுந்திருக்கும். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுவே எனக்கு ஞாபகம் இல்லை என்றால் வேறு என்னென்ன மறந்தேனோ. அதைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறேன்" என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போய்விட்டேன். டொக்டர் ஊசியால் குத்திக் குத்தி, உணர்கிறதா என்று கேட்டார். எதற்கு ஓம் சொன்னேன், எதற்கு இல்லை சொன்னேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது.

பார், பிள்ளை. அவர் என்னைக் கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பி, தன் தலையையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார் அந்த மனுசர். நான் சொன்ன பொய்யை இப்போது அவர் காவிக்கொண்டு திரிகிறார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று தரம் தெருவைச் சுற்றினேன், நாலாம் தரம் மணியை அடித்தேன். என் ஜெர்மன் நல்ல நாளிலேயே நொண்டும், நேற்றுத் தவழ்ந்தது. அவருடைய குசினியில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. அடுப்பை அணை, வியாழன் குப்பை, திறப்பு வலது பையில் என்று. பூசை, சந்தனம், எண்ணெய், அளவுகோல், பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சரஸ்வதியை விளங்கப்படுத்த ஏலாமல் போய்விட்டது, படிப்புக்கும் வேலைக்கும் உரிய அம்மன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "அப்படியென்றால் விழவில்லையா?" விழவில்லை என்றேன். "கை வளையவில்லையா?" வளையவில்லை என்றேன். "எந்த எண்ணெய்?" எள் எண்ணெய் என்றேன். "பேக்கரிப் பாணுக்கு மேலே தூவுகிற எள்ளா?" ஓம், அதேதான் என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, ரிவோல்வர் விழவில்லை என்று பெரிய எழுத்தில் எழுதி, என்னிடம் பேனாவைத் தந்து கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். "நாளைக்கு இதைக் கனவு என்று நினைத்துவிடுவேன். டொக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் விழுந்ததை நான் மறக்கவில்லை, அது நடக்கவேயில்லை" என்றார். என் முழுப் பெயரையும் எழுதினேன். அவர் அதைக் குளிர்பெட்டியின் கதவில், கண் மட்டத்தில் ஒட்டினார்.

அந்த மனுசர் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பெட்டகத்தைப் பற்றிக் கழகத்தில் மூச்சுவிடாதே, அவள் அட்டை போய்விடும் என்றார். என் பொய்யால் பெயர் கெட்டவர் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். எண்ணெய் விட்டது நான் என்று கழகத்தில் சொன்னால் பெட்டகக் கதை தானாக வெளியே வரும், அது எனக்கும் விளங்குகிறது. எழுந்து நின்று சொல் என்றால் சொல்கிறேன், சொல்லாதே என்றால் அதற்கும் கட்டுப்படுகிறேன். அட்டை உன்னுடையது, அதற்காக வருசக்கணக்காக உழைத்தது நீ. ஆனால் அவர் விழுத்தவில்லை என்பதை மட்டும், எந்த மேசைக்கு முன்னால் கேட்டாயோ அதே மேசைக்கு முன்னால் நீ சொல்லவேண்டும். அதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு சொல்லையும் விழுங்காதே.

சனிக்கிழமை வந்ததும் முதலில் பெட்டகத்தின் இலக்கத்தை மாற்று, எனக்குத் தெரிந்த எந்தப் பிறந்தநாளும் வேண்டாம். பிறகு ரிவோல்வரை எடு. ஆறு துளையும் வெறுமையா என்று பார், உனக்குச் சொல்லித்தர நான் யார், ஆனாலும் பார். உருளையை வெளியே தள்ளிச் சுற்று. வெளியே இருக்கும்போதே இறுகினால் குறை அச்சில்தான், சட்டத்திலும் இல்லை, தாங்கும் கையிலும் இல்லை. நீ அன்று கேட்ட கேள்விதான் விடை. முன் திருகைக் கழற்றி, உருளையைக் கையோடு உருவி எடுத்து, உன் சுத்தப்படுத்தும் திரவத்தில் ஊறவிடு. இழுத்துப் பறிக்காதே, பசை தானாக இளகும். நட்சத்திரத் தகட்டின் கீழே பழைய பற்தூரிகையால் தேய். வெள்ளைத் துணியால் துடை. துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு போதும், இரண்டு வேண்டாம். திருப்பிப் பூட்டிச் சுற்றிப் பார், நாலு ஐந்து சுற்றுப் போகும். அதற்குப் பிறகும் அதை உடைக்கவேண்டும் என்று தோன்றினால் உடை. ஸ்டுட்கார்ட்டில் பெரிய பெரிய மெஷின்களுக்கு முன்னால் நிற்கப்போகிறாய், உன்னைவிட வயது கூடினவர்கள் ஒரு கண்ணை மூடிப் பார்த்து ஏதேனும் சொல்வார்கள். அளந்து பார். அப்பா சொன்னாலும் அளந்து பார்.

அம்மா படியேறி வரும் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன். ஹெர் பிரான்ட் சனி பின்னேரம் ஐந்து மணிக்குக் கழகத்துக்கு வருவார், அந்த உருளையைத் தன் விரலால் ஒரு தரம் சுற்றிப் பார்க்கவேண்டுமாம். நீ துடைத்த துணியைக் குப்பையில் போட்டுவிடாதே. இப்போது உனக்குத் தடிமன் இல்லை, ஒரு தரம் மணந்து பார். பிறகு அதை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடு. சீட்டைக் கண்டும் நம்பமுடியாத ஒரு நாள் அவருக்கு வந்தால், அதை எடுத்து மணக்கட்டும்.

அப்பா